நோயுற்றோருக்கு இடம் கேட்ட மேய்ப்பர்: புனித சார்ள்ஸ் பொரோமேயோ



ஆண்டுதோறும் நவம்பர் மாதம் 4ஆம் திகதி திருச்சபை புனித சார்ள்ஸ் பொரோமேயோ ஆண்டகையின் திருநாளைக் கொண்டாடுகின்றது. மறைக்கல்வி ஆசிரியர்களும் குருமட மாணவர்களும் இவரைத் தங்கள் பாதுகாவலராக அறிவர். திரெந்து பொதுச்சங்கத்தின் தீர்மானங்களைத் தமது மறைமாவட்டத்தில் நடைமுறைக்குக் கொண்டுவந்த சீர்திருத்தவாதி என்று திருச்சபை வரலாறு இவரைப் போற்றுகின்றது. ஆனால், இத்தாலியின் மிலான் நகர மக்கள் இவரைத் தலைமுறை தலைமுறையாக நினைவில் வைத்திருப்பதற்கு வேறொரு காரணமும் உண்டு. 1576ஆம் ஆண்டு தங்கள் நகரைத் தாக்கிய கொள்ளைநோயையே அவர்கள் புனித சார்ள்ஸின் கொள்ளைநோய் என்று அழைக்கின்றனர். மரணத்தை விதைத்த ஒரு நோய்க்குப் புனிதர் ஒருவரின் பெயர் நிலைத்துவிட்டது என்றால், அந்நாட்களில் அவர் அம்மக்களுக்கு என்னவாக இருந்தார் என்பதை நாம் ஊகித்துக்கொள்ளலாம்.

ஏழைகளின் சொத்து

வட இத்தாலியின் மஜ்ஜோரே ஏரிக்கரையிலுள்ள அரோனா என்னும் இடத்தில், 1538ஆம் ஆண்டு ஒக்டோபர் 2ஆம் திகதி சார்ள்ஸ் பிறந்தார். தந்தை ஜில்பெர்த்தோ பிரபு. தாய் மார்கரீத்தா, மெதிச்சி குடும்பத்தைச் சேர்ந்தவர். செல்வத்திலும் செல்வாக்கிலும் குறைவில்லாத வீடு. அக்கால வழக்கப்படி, பன்னிரண்டு வயதிலேயே ஒரு துறவுமடத்தின் வருமானம் சிறுவன் சார்ள்ஸின் பெயருக்கு வந்து சேர்ந்தது. தமது கல்விக்குத் தேவையானது போக எஞ்சிய பணம் முழுவதும் ஏழைகளுக்கு உரிய சொத்து என்றும், அதைக் குடும்பச் செலவுக்கு எடுத்தல் ஆகாது என்றும் அச்சிறுவன் தந்தைக்கு நினைவூட்டினான். பின்னர் மிலானில் அவர் செய்தவை யாவும் இந்த ஒரு எண்ணத்தின் விரிவாகவே அமைந்தன.

1559ஆம் ஆண்டு அவர் பவியா பல்கலைக்கழகத்தில் சட்டக் கலாநிதிப் பட்டம் பெற்றார். அதே ஆண்டின் இறுதியில் அவருடைய தாய்மாமன் நான்காம் பத்திநாதர் என்னும் பெயருடன் பாப்பரசரானார். அடுத்த ஆண்டே சார்ள்ஸ் கர்தினாலாக உயர்த்தப்பட்டார். அப்போது அவருக்கு வயது இருபத்தொன்று. உறவுமுறையால் வந்த பதவிதான் அது. 1562இல் மூத்த சகோதரர் திடீரென இறந்தபோது, துறவை விட்டுத் திருமணம் செய்து குடும்பத்தின் பெயரைக் காக்கும்படி உறவினர் வற்புறுத்தினர். அவரோ அடுத்த ஆண்டே குருத்துவத் திருநிலைப்பாட்டைப் பெற்றுத் தமது முடிவை உறுதிப்படுத்தினார். 1565ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதத்தில் பேராயராக மிலான் நகருக்குள் நுழைந்தார்.

ஏறக்குறைய எண்பது ஆண்டுகளாக அந்நகரில் தங்கியிருந்து மேய்த்த பேராயர் எவரும் இருந்ததில்லை. மேய்ப்பர் அருகில் இல்லாத மந்தை எப்படியிருக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. குருமடங்களை நிறுவியும், ஞாயிறுதோறும் சிறுவருக்கு மறைக்கல்வி வகுப்புகளை ஒழுங்குசெய்தும், மலைக் கிராமங்கள் வரை கால்நடையாகச் சென்றும் அவர் உழைத்தார். எதிர்ப்பும் வந்தது. 1569ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில், அவர் மாலைச் செபத்தில் முழந்தாளிட்டிருந்தபோது துப்பாக்கியால் சுடப்பட்டார். வியத்தகு முறையில் உயிர் தப்பினார். மறு ஆண்டு பஞ்சம் வந்தபோது, மூன்று மாதங்கள் நாளொன்றுக்கு மூவாயிரம் பேருக்கு உணவளித்தார். இவை எல்லாவற்றையும்விடப் பெரிய சோதனை ஆறு ஆண்டுகளின் பின் வந்தது.

நகரில் நுழைந்த மரணம்

1576ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம். ஒஸ்திரிய இளவரசர் தொன் யுவான் அந்நகருக்கு வருகை தந்த வேளையில் கொண்டாட்டங்கள் நடைபெற்றன. அந்நேரத்திலேயே கொள்ளைநோய் தலைகாட்டிவிட்டது என்ற செய்தி பரவியது. விழா கலைந்தது, விருந்தினர் புறப்பட்டனர். ஸ்பானிய மன்னரின் பெயரால் மிலானை ஆண்ட ஆளுநர் அந்தோனியோ தே குஸ்மானும் நகரை விட்டு நீங்கினார். பிரபுக்கள் பலர் தங்கள் கிராமத்து மாளிகைகளுக்கு ஓடினர். போக இடமில்லாத ஏழைகளே நகரில் எஞ்சினர்.

அவ்வேளையில் பேராயர் அருகிலுள்ள லோதி நகரில், அங்கு காலமான ஆயரின் இறுதிச் சடங்குக்காகச் சென்றிருந்தார். செய்தி கேட்டவுடன் திரும்பி வந்தார். எல்லோரும் வெளியேறிக்கொண்டிருந்த நகரத்துக்குள் அவர் நுழைந்தபோது, மக்கள் தெருக்களில் திரண்டு இரக்கம் வேண்டிக் கூவினர்.

அவருடைய ஆலோசகர்கள், மறைமாவட்டத்தில் நோய் பரவாத ஒரு பகுதியில் தங்கி அங்கிருந்து நிர்வாகத்தைக் கவனிக்கலாம் என்று அறிவுரை கூறினர். அது நியாயமற்ற யோசனையும் அன்று. தலைவர் இறந்தால் மந்தை சிதறும் என்று அவர்கள் அஞ்சினர். மக்களோடு தங்கியிருப்பது அதைவிட நிறைவான செயலாகாதா என்று சார்ள்ஸ் அவர்களிடம் கேட்டார். அதை அவர்களால் மறுக்க முடியவில்லை. அப்படியானால் நிறைவானதைத் தேர்ந்துகொள்வதே ஓர் ஆயரின் கடமை என்று முடிவு செய்து, செப்டெம்பர் 9ஆம் திகதி தமது மரணசாசனத்தை எழுதி வைத்தார். அதன் பின் அவர் தம்மை மக்களிடம் முற்றாக ஒப்படைத்தார்.

வாசலுக்கு வெளியே ஒரு வைத்தியசாலை

மிலானில் வைத்தியசாலையே இல்லாமற் போகவில்லை. 1456ஆம் ஆண்டிலேயே அங்கு ஒரு பெரிய பொது வைத்தியசாலை நிறுவப்பட்டிருந்தது. கொள்ளைநோயாளருக்கென நகரின் கிழக்கு வாசலுக்கு வெளியே லாசரெத்தோ எனப்படும் தனியிடமும் இருந்தது. சதுர வடிவான பெரிய கட்டடம், நாற்புறமும் நீரோடை, நடுவே பரந்த முற்றம், முற்றத்தைச் சுற்றி 288 அறைகள். அக்காலத்தில் ஐரோப்பிய நகரங்கள் பலவற்றுக்கு முன்மாதிரியான அமைப்பு அது. அதன் பெயரோ, செல்வனின் வாசலில் புண்களோடு கிடந்த ஏழை லாசரை நமக்கு நினைவூட்டுகின்றது.

ஆயினும், சுவர்கள் மட்டும் வைத்தியசாலையாகிவிடுமா? நோய் பரவியபோது, நோயுற்றோரும் சந்தேகத்துக்குரியோரும் ஆயிரக்கணக்கில் அங்கு அனுப்பப்பட்டனர். 288 அறைகள் எம்மாத்திரம்? நோய் கண்டவரும், நோய் உண்டோ என்று ஐயுறப்பட்டவரும், இறந்துகொண்டிருந்தவரும், இறந்தவரும் ஒன்றாகக் கிடந்தனர். பராமரிக்க ஆளில்லை. போதிய உணவில்லை. இறுதி அருட்சாதனங்களை வழங்கக் குருக்களும் இல்லை. நகரின் பாதுகாப்புக்காக அவர்களை வெளியே அனுப்பிய நகரம், அனுப்பிய பின் அவர்களை மறந்துவிட்டது.

பேராயர் அவ்விடத்துக்குச் சென்றபோது, சன்னல்களிலிருந்து நோயாளர் அவரை நோக்கிக் கதறினர். அவர்கள் கேட்டவை பெரியவை அல்ல: உணவு, உடை, பணிவிடை செய்ய ஒருவர், பாவசங்கீர்த்தனம் கேட்க ஒரு குரு. அக்காட்சியைக் கண்டு பேராயர் கண்ணீர் விட்டார். அந்தக் குரலை நகருக்குள் கொண்டுசெல்வது தமது பொறுப்பு என்று அவர் எடுத்துக்கொண்டார்.

ஆட்சியாளரிடம் சென்ற கோரிக்கை

ஊரை விட்டுச் சென்ற ஆளுநருக்கு அவர் கடிதம் எழுதினார். ஆபத்து வேளையில் மக்களைக் கைவிட்டுச் செல்வது ஆள்பவருக்கு அழகன்று என்று அதில் கண்டித்தார். நகரத்து அதிகாரிகளின் அசட்டையையும் முன்யோசனையின்மையையும் எடுத்துரைத்தார். ஆளுநரோடும் நகர அதிகாரிகளோடும் திருச்சபை உரிமைகள் தொடர்பாக அவருக்கு முன்பே பிணக்குகள் இருந்தன. ஆகவே இக்கோரிக்கையை முன்வைப்பது அவருக்கு எளிதாக இருந்திருக்காது. ஆனாலும் நோயுற்றோரின் நிமித்தம் அவர் தயங்கவில்லை. இறுதியில் ஆளுநரும் அதிகாரிகளும் தத்தம் பணிகளுக்குத் திரும்பினர்.

லாசரெத்தோ போதாது என்பது கண்கூடு. எனவே நகருக்கு வெளியே வெறுமையாகக் கிடந்த வீடுகள் நோயாளருக்காகப் பெறப்பட்டன. நகர வாசல்களுக்கு அப்பால் தற்காலிகக் குடிசைகள் அமைக்கப்பட்டன. லாசரெத்தோவின் நிர்வாகத்தைக் கப்புச்சின் சபைத் துறவியான பவுலோ பெல்லிந்தானி ஏற்றுக்கொண்டு, கண்டிப்பான ஒழுங்கை அங்கு நிலைநாட்டினார்.

பணியாளரைத் தேடுவது கட்டடம் தேடுவதைவிடக் கடினமாயிருந்தது. நகரத்துக் குருக்கள் பலர் முதலில் அவ்விடத்தை அணுகவே அஞ்சினர். அஞ்சியவர்களைப் பழிப்பது நமக்கு எளிது. ஆனால் அந்நோயின் கொடுமை அத்தகையது. எலிகளையும் தெள்ளுப்பூச்சிகளையும் பற்றிப் பரவும் நோய்க்கிருமி ஒன்றே அதற்குக் காரணம் என்பதை உலகம் அறிந்துகொள்ள மேலும் மூன்று நூற்றாண்டுகள் சென்றன. அன்று தெரிந்ததெல்லாம், காலையில் நலமாயிருந்தவர் சில நாட்களில் கல்லறையில் இருப்பார் என்பதே. பேராயர் துறவற சபைகளின் தலைவர்களை அழைத்து உதவி கேட்டார். முன்வந்த துறவிகளைத் தமது இல்லத்திலேயே தங்கவைத்தார். அல்ப்ஸ் மலைப் பள்ளத்தாக்குகளுக்கு ஆள் அனுப்பிக் குருக்களையும் பொதுநிலையினரையும் வரவழைத்தார். படிப்படியாக அவருடைய சொற்களும் அதற்கு மேலாக அவருடைய முன்மாதிரியும் நகரத்துக் குருக்களின் அச்சத்தையும் அகற்றின. பின்னர் அவர்களும் முழுமனத்தோடு பணியில் இறங்கினர். பணியில் உயிர் கொடுத்தவர்களும் உண்டு.

தம் வீட்டிலிருந்தே தொடங்கியவர்

மற்றவரிடம் கேட்பதற்கு முன் அவர் தம்மிடமுள்ளதைக் கொடுத்தார். நோயால் வணிகம் நின்றது, கைத்தொழில்கள் முடங்கின, நாட்கூலி பெற்றோர் பட்டினியில் வீழ்ந்தனர். நாளொன்றுக்கு அறுபது, எழுபதாயிரம் பேருக்கு உணவு தேட வேண்டியிருந்தது என்று அவருடைய வரலாற்றை எழுதியோர் கூறுகின்றனர். தமது வருமானம் முழுவதையும் அவர் செலவிட்டார். வெள்ளிப் பாத்திரங்களும் பணமாயின. போதாதபோது ஏழைகளுக்காகப் பெருந்தொகை கடனும் பட்டார்.

குளிர்காலம் நெருங்கியபோது உடையில்லாதோர் தொகை பெருகியது. திருவிழாப் பவனிகளின்போது பேராயர் இல்லத்திலிருந்து பேராலயம் வரை தொங்கவிடப்படும் வண்ணத்துணிகள் ஏராளமாக இருந்தன. அவற்றை எடுத்து வெட்டி, ஏழைகளுக்கு உடைகளாகத் தைக்கச் செய்தார். திருநாட்களில் தெருக்களை அலங்கரித்த துணிகள் அந்தக் குளிர்காலத்தில் ஏழைகளின் உடலைப் போர்த்தின. ஆலயத்துக்கென வைத்திருந்தவை வீணாகிவிட்டன என்று எவரும் கூறவில்லை.

நோயுற்றோரின் வீடுகளுக்கு அவரே சென்றார். இறக்கும் தறுவாயில் இருந்தோருக்குத் திருவருட்சாதனங்களை வழங்கினார். அதேவேளை அவதானமின்றி நடந்துகொள்ளவும் இல்லை. நோயாளரிடம் சென்று வந்த தம்மையும் சந்தேகத்துக்குரியவராகவே கருதி, மற்றவர்கள் தம்மை நெருங்காதபடி கையில் கோல் ஒன்றை ஏந்தி நடந்தார். துணிவு வேறு, அசட்டுத் துணிவு வேறு என்பதை அவர் நன்கு அறிந்திருந்தார்.

சன்னலோரத்தில் திருப்பலி

அக்காலத்தவர் எல்லோரையும் போலவே, மக்களின் பாவங்களுக்கான தண்டனையாகவே இந்நோய் வந்தது என்று பேராயரும் எண்ணினார். ஆனால் அந்த எண்ணம் அவரை நோயாளர் மீது குற்றஞ்சாட்ட வைக்கவில்லை; முதலில் தம்மையே பாவப் பரிகாரம் செய்ய வைத்தது. ஒக்டோபர் மாதத்தில் மூன்று தவப் பவனிகளை அவர் நடத்தினார். கழுத்தில் கயிறு தரித்து, வெறுங்காலுடன், ஆண்டவரின் திருப்பாடுகளோடு தொடர்புடைய திரு ஆணியைத் தாங்கிய சிலுவையை ஏந்தியவராய் நடந்தார். மக்கள் கூடினால் நோய் பரவும் என்று நகர அதிகாரிகள் அஞ்சினர். எனவே கலந்துகொள்வோருக்குக் கட்டுப்பாடுகளும், இடைவெளி விட்டு நடக்கும் ஒழுங்கும் விதிக்கப்பட்டன.

பின்னர், வீடுகளை விட்டு எவரும் வெளியே வரலாகாது என்ற கட்டளை பிறந்தது. ஆலயங்களுக்குச் செல்ல வழியில்லை. மக்கள் ஆலயத்துக்கு வர முடியாவிட்டால், பலிபீடம் மக்களிடம் செல்லட்டும் என்று பேராயர் முடிவு செய்தார். தெருச் சந்திகளில் ஏறத்தாழ இருபது பலிபீடங்கள் அமைக்கப்பட்டன. வீட்டின் சன்னலோரத்தில் முழந்தாளிட்டபடியே மக்கள் திருப்பலி கண்டனர். நாளொன்றுக்கு ஏழு முறை மணி ஒலித்தபோது, வீடு வீடாக வாசலிலும் சன்னலிலும் நின்று மன்றாட்டு மாலையைச் சொன்னார்கள். அடைபட்ட அந்நகரம் ஒரு பெரிய துறவுமடம் போல் செபித்தது.

2020ஆம் ஆண்டின் ஊரடங்கு நாட்களை மறவாத நமது குடும்பங்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. ஆலயக் கதவுகள் மூடப்பட்டிருந்த அந்தப் பெரிய வாரத்தில், வீட்டிலிருந்தபடியே தொலைக்காட்சியில் திருப்பலி கண்டு, ஆன்மீக முறையில் நற்கருணையை உட்கொண்டவர்கள் நாம். தனிமைப்படுத்தல் நிலையத்துக்கு அனுப்பப்பட்டவரின் தனிமையும், வாசலில் நின்று வழியனுப்பக்கூட முடியாத உறவினரின் வேதனையும் நம்மில் பலருக்கு அனுபவப் பாடங்கள்.

நோய் தணிந்த பின்

1577ஆம் ஆண்டின் தொடக்கத்தில் நோயின் வேகம் குறைந்தது. இடையில் சற்று மீண்டும் தலைதூக்கி, 1578இன் தொடக்கத்தில் முற்றாக நீங்கியது. நகரில் ஏறத்தாழ 17,000 பேர் மாண்டிருந்தனர். நேர்த்திக்கடனாக மக்கள் புனித செபஸ்தியாருக்கு ஓர் ஆலயம் எழுப்பினர். லாசரெத்தோ முற்றத்தின் நடுவே நாற்புறமும் திறந்த ஓர் ஆலயத்தை அமைக்கப் பேராயர் விரும்பினார். அறைகளில் படுத்திருப்போரும் தங்கள் இடத்திலிருந்தே திருப்பலியைக் காண வேண்டும் என்பதே அதன் நோக்கம். லாசரெத்தோவின் அறைகள் பெரும்பாலும் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் இடிக்கப்பட்டுவிட்டன. ஆனால் அந்த ஆலயம் இன்றும் புனித சார்ள்ஸின் பெயரால் அங்கு நிற்கின்றது.

நன்றியாக அவருக்குக் கிடைத்தது என்ன? நோய் நீங்கியதும், நகர அதிகாரிகள் சிலர் அவர் மீது பாப்பரசரிடமே முறைப்பாடு செய்தனர். அவர் மனம் தளரவில்லை. இடைவிடாத உழைப்பாலும் தவத்தாலும் நலிந்த அவருடைய உடல் 1584ஆம் ஆண்டு நவம்பர் 3ஆம் திகதி இரவு ஓய்வடைந்தது. வயது நாற்பத்தாறு மட்டுமே. 1610ஆம் ஆண்டு நவம்பர் 1ஆம் திகதி பாப்பரசர் ஐந்தாம் சின்னப்பர் அவரைப் புனிதராக அறிவித்தார்.

நமக்கு அவர் விட்டுச் செல்வது

அன்பர்களே, நோய் வரும் காலங்களில் மக்கள் வைத்தியசாலைகளையும் படுக்கைகளையும் மருந்தையும் வைத்தியரையும் கேட்பது இயல்பு. 2022ஆம் ஆண்டு நமது நாட்டில் மருந்துத் தட்டுப்பாடு ஏற்பட்டபோது, எத்தனை குடும்பங்கள் ஒரு குளிகைக்காகக் கடை கடையாக அலைந்தன என்பதை அறிவோம். அத்தகைய கோரிக்கையைச் சிலர் அரசியல் என்று ஒதுக்குவர். ஆன்மீகத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை என்பர். புனித சார்ள்ஸ் அவ்வாறு பிரித்துப் பார்க்கவில்லை. பலிபீடத்தைத் தெருவுக்குக் கொண்டுவந்த அதே கரமே ஆளுநருக்குக் கடிதமும் எழுதியது. நோயாளருக்குப் படுக்கையைத் தேடுவதும் அவருக்கு இறுதிப் பூசுதலை வழங்குவதும் அவருக்கு ஒரே மேய்ப்புப் பணியின் இரு பகுதிகளாகவே இருந்தன.

ஆனால் அவருடைய கோரிக்கைக்கு வலிமை தந்தது எது என்பதையும் நாம் கவனிக்க வேண்டும். பிறரிடம் கேட்டவர் தாம் முதலில் கொடுத்தார். ஆளுநரைத் திரும்பி வரச் சொன்னவர் தாம் நகரை விட்டு அகலவில்லை. குருக்களை லாசரெத்தோவுக்கு அழைத்தவர் தாம் முதலில் அங்கு சென்றார். அதனாலேயே அவர் பேச்சை மறுக்க எவராலும் முடியவில்லை.

நமது அயலிலும் லாசரெத்தோக்கள் உண்டு. மாதக்கணக்கில் படுக்கையில் கிடக்கும் முதியவரின் அறை, பார்வையாளர் எவரும் வராத வைத்தியசாலைக் கட்டில், நோயின் பெயர் தெரிந்தவுடன் உறவினர் விலகிக்கொண்ட வீடு ஆகியவை அவற்றுள் சில. அங்கிருந்து எழும் குரல் தெருவரை கேட்பதில்லை. அதைக் கேட்டு, கேட்க வேண்டியவரின் காதில் உரைக்க ஒருவர் வேண்டும். இவ்வாரம் அப்படிப்பட்ட ஒரு நோயாளரை நம் குடும்பமாகச் சென்று சந்திப்போம். அவருக்கு எது தேவையென்று அவரிடமே கேட்போம். நம்மால் இயன்றதை நாம் செய்வோம். இயலாததை, செய்யக்கூடியவரிடம் தயங்காது கேட்போம்.

செபம்: நோயுற்றோரைத் தொட்டுக் குணமாக்கிய ஆண்டவரே, உமது ஊழியர் புனித சார்ள்ஸின் உள்ளத்தில் மூட்டிய அன்பை எங்கள் உள்ளங்களிலும் மூட்டியருளும். துன்புறுவோரின் குரலுக்குச் செவிசாய்க்கவும், அவர்களுக்காகப் பேசவும், பேசுவதற்கு முன் எங்கள் கரங்களைத் திறக்கவும் எங்களுக்கு அருள்தாரும். வைத்தியர்களையும் தாதியரையும் நோயாளரைப் பராமரிக்கும் அனைவரையும் ஆசீர்வதித்தருளும். ஆமென்.